கலந்தரின் இடது காது

"இடது காது நரம்புல கட்டியாம்," என்றார் கலந்தர், டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து. "புற்றுநோய் இல்ல. அபூர்வமா வர்ற கட்டி. மண்டையோட்டு அடியில இருக்கிறதால வெட்டித்தான் எடுக்கணும். அந்தக் காது பத்து வருஷமா கேட்டே இருக்காதாம்."

புற்றுநோய் இல்லை என்று மூச்சுவிட்ட அவர் மனைவி ஸுபைதாவுக்கு, உடனேயே வேறொரு கவலை பிடித்தது. மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் பைக்கில் போகும்போதெல்லாம், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து அவள் பேசியது முழுக்க அந்த இடது காதில்தான்.

"அப்ப, தம்பி பஸ்லி குடும்பத்தோட நம்ம முன்னறைக்கு வரட்டுமான்னு கேட்டேனே? 'ம்'னீங்களே!"

"காத்துச் சத்தத்துக்கு 'ம்' போட்டிருப்பேன். எனக்கு எதுவும் கேக்கல."

அனுமதியில்லாமல் குடிவைத்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது. பஸ்லியை வேறு வீடு பார்க்கச் சொன்னாள்.

"மச்சானுக்கு நோய்னதும் எங்களத் துரத்துறியா, ராத்தா?" என்று அவன் சாமான்களை லொறியில் ஏற்றினான்.

பெருநாளுக்கு அவளுடைய ஆட்கள் எல்லோரும் அங்கே வந்து தங்குவதும் பைக்கில் கிடைத்த ஒரு 'ம்'மினால்தான். அதையும் நிறுத்தினாள். சொந்தக்காரர்கள் மொத்தமாகப் பேச்சை விட்டார்கள்.

ஒபரேஷனுக்கு முதல் நாள், வார்டில் கலந்தரின் வலப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, பத்து வருஷத்துப் பேச்சையும் விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் என்றுமில்லாத அமைதியோடு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு 'ம்'கூட வரவில்லை. கோபம் தீரவில்லை என்று அழுதாள்.

காலையில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் துஷாந்தினி வந்தார்.

"முகத்துக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டிக்கிடக்கு. அதை மெஷினில பாத்துப் பாத்துத்தான் வெட்டுவினம். அதால தசையைத் தளர்த்துற மருந்தை நிப்பாட்டிப்போட்டு, மயக்கத்தை மட்டும் ஆழமா வச்சிருப்பன். பயப்படாதேங்கோ."

சொல்லிவிட்டு, சர்ஜன் போட்டிருந்த அடையாளத்தைச் சரிபார்க்க நோயாளியின் தலையைத் திருப்பினார். மைக்கோடு வலது காதுக்குப் பின்னால் இருந்தது.

ஸுபைதா ட்ரொலிக்குக் குறுக்கே விழுந்தாள். "யா அல்லாஹ்! மாறிப்போச்சு! நல்ல காதை வெட்டப் போறாங்க! கேக்காதது இடதுங்க!"

வார்டே திரண்டது. தியேட்டரிலிருந்து சர்ஜன் ஓடிவந்தார். மருந்து ஒரு சொட்டும் ஏறாத கலந்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துஷாந்தினி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கட்டியும் கேக்காததும் வலப்பக்கம்தான், அம்மா. இவருக்கு இடது காது ஒரு நாளும் கேக்காமல் இருந்ததில்லை!"