மெஷினுக்கு வரன் பார்த்தவர்

இந்த நாட்டில் புதுக் கண்டுபிடிப்புகள் பெருக வேண்டுமானால் மாநாடெல்லாம் வேண்டாம். எங்கள் ஸ்ரீரங்கத்துத் தரகரைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாணம் பேசி முடிப்பவர் என்பதால் எல்லோருக்கும் தரகர்தான்.

அப்போது நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வாழை மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மெஷின் ஒன்றைக் கொல்லையில் செய்து வைத்திருந்தேன். கருத்தரங்குகளில் கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். செய்து தர ஒரு பட்டறையைக் காட்டத்தான் ஆளில்லை. பொங்கலுக்குள் யாரும் அதை ஏற்காவிட்டால், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுக் கழுத்தை நீட்டுவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

என் ஜாதகம் வாங்க வந்த தரகர் கை கழுவக் கொல்லைக்குப் போனார். ஆள் திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"பாப்பா, இதுக்கு வரன் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லைங்க."

"என்ன குறை? மறைக்காம சொல்லு."

"ஈர மட்டையைப் போட்டா, நார் உருளையில சுத்திக்கிட்டு நின்னுடுதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டே, ஜாதகத்தை வாங்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம், "நல்ல இடம், பார்க்க வராங்க" என்று ஃபோன் வந்தது. அம்மா சொஜ்ஜி, பஜ்ஜி செய்து, எனக்குப் பட்டுப்புடவை கட்டி உட்கார வைத்தாள். தரகரோடு வந்தவர் திருவெறும்பூரில் பட்டறை வைத்திருப்பவர். வயது அறுபதுக்கு மேல். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. அவரோ என்னை ஏறிட்டும் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போனார்.

நான் மெஷினின் பெருமையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லிடறேன். ஈரம் ஆகாது, நின்னுடும். அப்புறம் ஏமாத்திட்டேன்னு எங்கிட்ட வரக்கூடாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷன் கெடுத்தாரே!

பட்டறைக்காரர் சிரித்தார். "எங்கிட்ட வர்ற மெஷின் எல்லாம் குறையே இல்லாமத்தான் வருது. ஓட்டிப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியுது. இதுல என்ன கோளாறுன்னாவது தெரியுதே! உருளையை மாத்திப் பார்ப்போம். பாப்பாவைப் பட்டறைக்கு வரச் சொல்லுங்க."

மினி லாரியில் மெஷின் கிளம்பியபோது, அம்மா தன்னை மறந்து அதற்குக் குங்குமம் வைத்துவிட்டாள். இன்று முக்கொம்புப் பக்கத்துத் தோட்டங்களில் அது ஈர மட்டையையும் ஒரு கை பார்க்கிறது.

லாரி தெருமுனை தாண்டியதும் அம்மா தரகரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மெஷினுக்கு முடிச்சிட்டீங்க. இவளுக்கு?"

தரகர் கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பாவுக்கு என்ன வேணும்னு அதைக் கேட்டீங்களாம்மா?"

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.