ஒத்தையாளும் ஐம்பதடிப் படகும்

திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லாதது ஊருக்குத்தான் குறை; எங்கள் தெரு ஒத்தையாளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐம்பதடி மோட்டார் படகைத் தன்னந்தனியாக ஓட்டி, தன்னந்தனியாகவே துறையில் கட்டத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் அவர்தான். அடித்துச் சொல்வேன்.

லாரி ஓட்டிய காலத்தில் கிளீனரே வைத்துக்கொள்ளாததால் வந்த பெயர் அது. இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது நாங்கள் கை கொடுக்கப் போனால், "செத்த தள்ளி நில்லுங்கப்பா, அதுவே பெரிய ஒத்தாசை" என்பார். கொச்சிக்குக் காய்கறி லோடு கொண்டுபோன மனுஷன் ஒரு முதலாளியின் சொகுசுப் படகைப் பார்த்து மயங்கி, லாரியை விட்டுவிட்டு அதில் உதவியாளாகச் சேர்ந்துவிட்டார்.

நாலு வருஷம் கழித்து, அந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார் முதலாளி. "நான் ஒருத்தனே போதும்" என்றார் இவர். படகு பெயின்ட் அடிக்கக் கரையேறுகிறது, ஒரு மாதத்தில் இறங்கும், அன்றைக்கு யார் உதவியும் இல்லாமல், ஒரு கீறல்கூட விழாமல் துறையில் கட்டிக் காட்டு, இல்லையென்றால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

ஒத்தையாள் ஊருக்கு வந்து பயிற்சியை ஆரம்பித்தார். இடம், செம்பட்டி ரோட்டில் காய்ந்து கிடந்த கண்மாய். படகு, ஒரு தள்ளுவண்டி. நிஜப் படகுக்கு இரண்டு எஞ்சின் என்பதால் இடதுபுறம் தள்ள டீக்கடைக்காரர், வலதுபுறம் தள்ள டெய்லர். நான் காற்று. துறைக்குப் பதிலாக நட்டிருந்த மூங்கிலருகே வண்டி வந்ததும், மேலே நின்றிருந்த ஒத்தையாள் லாரி ஓட்டிய பழக்கதோஷத்தில் வண்டிப் பலகையை ஓங்கி மிதித்தார். மூங்கில் சாய்ந்தது.

"படகுல பிரேக் கெடையாதுன்னு இந்தக் காலுக்கு யாரு சொல்றது?" என்று தன் காலையே திட்டினார்.

நான் பாவம் பார்த்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளினால் அதற்கும் ஏச்சு. "காத்து பாவம் பாக்குமா? நீ ஏன் பாக்குற? நல்லாத் தள்ளு அப்பு."

நன்றாகத் தள்ளினேன். முன்பக்கம் கயிறு கட்டினால் பின்பக்கம் விலகியது. பின்பக்கம் ஓடினால் முன்பக்கம் விலகியது. பத்து நாள் இதே கூத்து. பதினோராம் நாள், "மொதல்ல நடுவுல கட்டணும்டா" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

படகு இறங்கும் நாளில் கொச்சிக்கு நானும் கூடப் போனேன். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. துறைக்குப் பத்தடி தூரத்தில் படகின் மூக்கு திரும்பிவிட்டது. இவர் மல்லுக்கட்டவில்லை, வெட்கப்படாமல் பின்வாங்கிப் போய்விட்டார். முதலாளி வாட்சைப் பார்த்தார். நான் அந்தோணியாரைக் கூப்பிட்டு வேண்டிக்கொண்டேன்.

மறுபடி வந்தார். ஓடாமல், நடந்தே படகின் நடுப்பக்கம் வந்து, கயிற்று வளையத்தைத் துறைத் தூணில் மாட்டினார். திரும்பிப் போய் எஞ்சினை மெதுவாக முன்னால் செலுத்தினார். கயிறு விறைத்தது. அவ்வளவு பெரிய படகு தானாகவே துறையை ஒட்டி நின்றுவிட்டது. அப்புறம் சாவகாசமாக இறங்கி, பின்னால் ஒரு கட்டு, முன்னால் ஒரு கட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி புதுப் பெயின்டை நெடுகத் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"ஜெயிச்சிட்டீங்கண்ணே" என்றேன்.

"ஆமாப்பா. மாத்து ஆள் கெடையாதே, இனி ஒரு நாள்கூட இதைப் போட்டுட்டு வர முடியாது. வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வந்தாலே பெருசு."

திரும்பி வந்த பஸ்ஸில் நான் மட்டும். அவ்வளவு வேண்டிக்கொண்ட நானே, ஒரு சின்னக் கீறலாவது விழுந்திருக்கக் கூடாதா என்று பழனி தாண்டும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.