உமையாளுக்குத் தெரியாமல் வெந்த விலா எலும்பு

என் சொந்த வீட்டில், என் சொந்தக் கையால், ஒரு தடவையாவது பார்பெக்யூ பன்றி விலா எலும்பு சமைத்துச் சாப்பிட்டே தீருவது என்று போன மாசி மாதம் நான் சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்கிற சபதங்கள் எங்கள் வீட்டில் என் மனைவி உமையாளின் இலாகா.

ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. காலையில் பொங்கல் வாசம், மதியம் சாம்பார் வாசம், சாயங்காலம் ஊதுபத்தி வாசம். யாத்ரீகர்கள் தீர்த்தமாடப் போன நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்து போனைத் திறந்தால், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் ஏர் ஃப்ரையரிலிருந்து பளபளவென்று விலாக்கறியை எடுத்து, எலும்பைப் பிடித்து லேசாக இழுப்பான். கறி அங்கேயே நிற்கும். எலும்பு மட்டும் கையோடு வரும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனை பேருக்கு ரூம் சாவியை மாற்றிக் கொடுத்தேன் என்பது முதலாளிக்குத் தெரியாது.

வீட்டில் ஏர் ஃப்ரையர் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

உச்சிப்புளியில் எங்கள் வீடும் ஜுமானாக்கா வீடும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம். அக்காவின் வீட்டுக்காரர் சதக்கத்துல்லா அண்ணன் துபாயில் இருக்கிறார். அக்காவுக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது உமையாள்தான் வேளாவேளைக்குச் சோறாக்கிக் கொடுத்தாள். அந்த நன்றிக்கு அண்ணன் கார்கோவில் அனுப்பிய மிஷின் அது. பேருக்குத்தான் எங்கள் அடுப்படியில் இருந்தது. பாதி நாள் மதில் தாண்டித்தான் குடித்தனம். நோன்பு மாதம் வந்தால் அக்காவின் சமோசா அதில்தான் வேகும். எங்கள் சட்டி அங்கே போகும், அவர்கள் தூக்குவாளி நோன்புக் கஞ்சியோடு இங்கே வரும். எந்தப் பாத்திரமும் வெறுமனே திரும்பாது.

அதனால் பாத்திரங்கள் மதில் தாண்ட ஆரம்பித்த அன்றைக்கே உமையாள் ஒரு சட்டம் போட்டாள்.

"பன்னிக்கறி இந்த வீட்டு நடையேறக் கூடாது. நம்ம பாத்திரத்துல அவுக சாப்புடுறாக. நம்மள நம்பித்தான் சாப்புடுறாக."

நியாயமான சட்டம். நியாயமான சட்டத்தை மீறுவதற்குத்தான் மூளை அதிகம் தேவைப்படுகிறது. நான் வக்கீலைப் போல யோசித்தேன். சட்டம் பாத்திரத்தைப் பற்றியது. ஏர் ஃப்ரையர் பாத்திரம் இல்லை, மிஷின். அதில் சமைப்பது நான்கூட இல்லை, காற்று. அடியில் அலுமினியத் தாளை விரித்துவிட்டால் கறி கூடையைத் தொடவே தொடாது. பிறகு எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த வாதத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உமையாளுக்கு ரொம்ப நாளாக இரட்டைக் கூடை வைத்த பெரிய மிஷின் மேல் கண். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, ஒரே நேரத்தில் வேகுமாம். நான் மதிலோரமாக நின்று, ஜுமானாக்காவைச் சாட்சி வைத்துக்கொண்டு, அடித்துச் சொல்லிவிட்டேன். இருக்கிற மிஷின் நமக்கு ஆகிற வரைக்கும் இந்த வீட்டுக்குள் இன்னொரு மிஷின் வராது. இது சத்தியம். உமையாள் உடனே சரியென்று தலையாட்டினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலாடியில் என் மைத்துனன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. அவள் பக்கத்து விசேஷத்துக்கு நான் வரவில்லை என்றால் வழக்கமாக ஒரு வாரத்துக்கு ரசம்தான் சாப்பாடு. பயந்துகொண்டே லாட்ஜில் கூட்டம், லீவு கிடைக்காது என்று இழுத்தேன்.

"சரி, நீங்க வேலையப் பாருங்க. நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாரேன். வர ராத்திரி ஆயிரும்."

ஒரு வார்த்தை சண்டை இல்லை. நான் இராமநாதசுவாமி கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அதிர்ஷ்டம் அதோடும் நிற்கவில்லை. அவள் போனபிறகு அடுப்படிக்குள் நுழைந்தால் மேடை மேல் பிரிக்காத அலுமினியத் தாள் ஒன்று. பக்கத்தில் தக்காளி சாஸ் பாட்டில் நிறைய. டப்பாவில் கருப்பட்டிகூடத் தட்டி வைத்திருந்தது. நல்ல மனசோடு ஒரு காரியத்தில் இறங்கினால் எல்லாம் கூடி வரும் போலிருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

ஸ்கூட்டரை இராமநாதபுரத்துக்கு விட்டேன். வெண்பன்றிக் கடை உக்கிரபாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தான். விலாக்கறி ஒரு கிலோ என்றேன். அவன் நான் சொல்லாமலே உள்ளங்கை நீளத்துக்குத் துண்டு போட ஆரம்பித்தான்.

"நான் வெட்டச் சொல்லலையே."

"முழுசாப் போட்டா அந்தக் கூடைக்குள்ள நுழையாதுண்ணே."

எந்தக் கூடை என்று கேட்டேன். இப்போது எல்லாரும் அதில்தானே போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கத்தியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நம் மாவட்டம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று பெருமைப்பட்டேன். கறியை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரையை வைத்து மூடி, போலீஸைப் பார்த்தபோதெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சாஸ் தயாரானது. வெள்ளைக்காரன் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் என்று சொல்லியிருந்தான். நான் நம்ம ஊர் முண்டு மிளகாய்த்தூளில் ஒரு கரண்டி போட்டேன். அவன் ஊர் மிளகாய்க்கும் முண்டு மிளகாய்க்கும் பெயரளவில்தான் உறவு என்பது கிளறும்போதே தெரிந்துவிட்டது. கண்ணீர் வழிய வழியக் கருப்பட்டியைக் கூடக் கொஞ்சம் கொட்டி, புளியைக் கரைத்து ஊற்றி, கறியில் பூசி, தாளை விரித்து அடுக்கினேன். உக்கிரபாண்டி வெட்டிய துண்டுகள் கூடைக்குள் அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தன. மிஷின் ஓடியது. கருப்பட்டியும் கொழுப்பும் சேர்ந்து உருகுகிற வாசம் எழுந்தது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு ஆவலாக உட்கார்ந்திருந்ததில்லை.

இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அப்போது வாசலில் மணி அடித்தது.

ஜுமானாக்கா நின்றிருந்தார்.

"தம்பி, மிஷினக் கொஞ்சம் தாங்க. சமோசா மடிச்சு வச்சிருக்கேன். நோன்பு தொறக்கதுக்குள்ள போட்டு எடுத்துருவேன். உமையாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"மிஷின் ரிப்பேர்க்கா."

உள்ளே மிஷின் 'டிங்' என்றது.

"ஓடுதே?"

"அது ரிப்பேர் சத்தம்."

"வாசம் வருதே?"

வேறு வழியில்லை. பலாக்காய் வைத்திருக்கிறேன் என்றேன். உமையாள் இல்லாததால் நானே சமைத்துக்கொள்கிறேன் என்று பரிதாபமாகவும் முகத்தை வைத்துக்கொண்டேன். அக்கா மூக்கைச் சுளிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை.

"பலாக்காதானே. எடுத்துட்டு அப்படியே தாங்க. கழுவக்கூட வேணாம், நேரமாகுது."

ஃபியூஸ் போச்சு, ஷாக் அடிக்குது என்று இன்னும் இரண்டு பொய் கைவசம் இருந்தது. ஆனால் விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி, என் வார்த்தையை நம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். வெட்கமாக இருந்தது. கண்ணாடிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் ஞாபகத்துக்கு வந்தான்.

"அக்கா, அது பலாக்கா இல்ல. பன்னிக்கறி. மிஷினத் தொடாதீங்க. உமையாளுக்கு ஒண்ணும் தெரியாது, தப்பு முழுக்க என்னுதுதான்."

அக்கா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று பதறிப்போனேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அது அழுகை இல்லை என்று புரிந்தது. தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"உமையா, நீதான்டி ஜெயிச்ச. வெளிய வா."

பட்டுச் சேலையும் பால் காய்ச்சுக்கு வைத்த மல்லிகைப்பூவுமாக ஜுமானாக்கா வீட்டிலிருந்து உமையாள் வந்தாள். பிள்ளைகளைக் கடலாடியில் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாளாம்.

"நீங்க உண்மையச் சொல்லிருவீகன்னு நான் சொன்னேன். அக்காதான் நம்பல. சமோசா எல்லாம் வேக வச்சு அப்பவே ஆச்சு."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை நம்பியதாக அவள் வாயால் சொன்னது அன்றுதான். ஆனால் சமோசா எந்த மிஷினில் வெந்தது என்ற கேள்வி வந்ததும் நெஞ்சு பழைய அளவுக்குச் சுருங்கியது. மெதுவாக, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சீரியல் பாக்க டிவியப் போட்டா வரிசையா பன்னி விலாவா வருது. உங்க போன்ல பாக்குறதெல்லாம் டிவியிலயும் வரும்ங்க."

அலுமினியத் தாள் அவள் வாங்கி வைத்தது. கருப்பட்டி அவள் தட்டி வைத்தது. கூடையை அளந்து உக்கிரபாண்டிக்குச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். இல்லையென்றால் முழு விலாவைக் கொண்டுவந்து அவளுடைய அரிவாள்மனையில் வெட்டியிருப்பேனாம். எதற்காக இத்தனை பாடு என்று கேட்டேன். அவள் என் சத்தியத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"இருக்குற மிஷின் நமக்கு ஆகுற வரைக்கும்னு சொன்னீகள்ல. இனிமே இது அக்கா வீட்டுக்கும் ஆகாது, என் அடுப்படிக்கும் ஆகாது. உங்க சத்தியம் முடிஞ்சுபோச்சு."

இரண்டு பேருமாகப் போய்ப் புது மிஷினைத் தூக்கி வந்தார்கள். இரட்டைக் கூடை. சதக்கத்துல்லா அண்ணன் போன மாதமே அனுப்பிவிட்டாராம். என் சத்தியத்துக்கு மரியாதை கொடுத்து அதுவரை மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்களாம். பாங்கு சொல்கிற நேரமாகிறது என்று அக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பழைய மிஷினைக் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் உமையாள். வைத்தேன். பாக்குமட்டைத் தட்டு ஒன்றை எடுத்து வந்து படியில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து, எலும்பைப் பிடித்து லேசாக இழுத்தாள். கறி அங்கேயே நின்றது. எலும்பு மட்டும் கையோடு வந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

"நீ பன்னிக்கறி சாப்புடுவியா?"

"எங்க அய்யா வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா இதுதான். நம்ம பாத்திரத்துல வேணாம்னுதான் சொன்னேன். எனக்குப் பிடிக்காதுன்னு எப்பச் சொன்னேன்? நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

கேட்டதில்லை. அவள் பேசிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தாள். முண்டு மிளகாய் அவளை ஒன்றும் செய்யவில்லை, கடலாடி நாக்கு. நான் ஒரு துண்டைக் கடித்துவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து நிமிர்ந்தபோது தட்டில் எலும்புகள்தான் இருந்தன.

"உப்பு கம்மி. அடுத்த ஞாயிறு கூட ரெண்டு கிலோ எடுங்க, எங்க அண்ணன் குடும்பத்தோட வருது."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, எனக்குக் கொல்லைப்புறம். பன்றி தொட்ட கையால் புது மிஷினை நான் தொடக்கூடாது என்பது இப்போதைய சட்டம். அதைக் கழுவுகிறபோது மட்டும் தொடலாமாம், சோப்பு பட்டதும் கை தானாகவே சுத்தமாகிவிடுமாம்.