ஆமென் தாமதமாக வந்த ஞாயிறு

தூத்துக்குடி,
பெந்தகோஸ்து முடிந்த திங்கள்.

மணப்பாடு மாமா அவர்களுக்கு மருமகன் ஷாம் வணக்கத்துடன் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். உங்கள் நலத்தை அம்மா தினமும் கேட்டு எங்களுக்கு அறிவித்துவிடுவதால் அந்தப் பகுதியைத் தாண்டுகிறேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என் கல்யாணப் பூசை தமிழில் மட்டும் நடந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டீர்கள். "ரெண்டு பாஷையில நடந்தா அது பூசையா லே? ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரில்லா இருக்கும்!" என்றும் கேட்டீர்கள். பெண் அனிமாவின் வீட்டார் ஒடிசாவிலிருந்து வருகிறார்கள், அவள் அப்பாவுக்குத் தமிழில் 'சாப்பாடு' ஒன்றுதான் தெரியும். நான் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறவன், எந்தச் சிக்கலுக்கும் ஒரு கருவி உண்டு என்று நம்புகிறவன். ஆகவே யாருக்கும் நோகாமல் ஒரு வழி கண்டேன்: பூசை தமிழில், இயர்போனில் ஒடியா. "ஆவியானவர் பெந்தகோஸ்து அன்னைக்குச் செஞ்சத நான் வைஃபையில செய்யுதேன் சாமி" என்று பங்குச்சாமியிடம் வாய்விட்டேன். அவரும், துறைமுக வேலைக்கு வந்த வெளி மாநிலத்தாருக்கு உதவுமே என்று நேற்றைய பெருவிழாவிலேயே ஒத்திகை பார்க்கச் சம்மதித்தார்.

கருவியில் ஒரு குறையும் இல்லை மாமா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள்தான் ஒத்துழைக்கவில்லை. பீடத்துக்குப் பின்னறையில் மைக் முன்னால் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களில், மலையாளம் சொன்ன சிஸ்டர் அடுத்த வரி தனக்குத் தெரியும் என்று சாமியை முந்திப் போனார், இந்தி சொன்னவர் ஒவ்வொரு சொல்லுக்கும் யோசித்தார், ஒடியா சொன்ன அனிமாவுக்கு நடுவில் இருமல் வந்தது, ஆகவே கேரளத்தார் முழந்தாளிட்டபோது ஒடிசாக்காரர்கள் அப்போதுதான் எழுந்து நின்றார்கள், இந்திக்காரர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், ஆமென் வலது மூலையில் கிளம்பி இடது மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சாமி அடுத்த செபத்துக்குப் போய்விட்டார், பாடகர் குழுவிலிருந்து உங்கள் மருமகள், என் தங்கை ஸ்டெபி என்னிடம், "எண்ணே, ஆமென்னுக்கு டோக்கன் குடுத்திருக்கியா? ஒவ்வொண்ணா வருது!" என்று கேட்டாள். எனக்கு வந்த எரிச்சலில் இயர்போன் கருவியின் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

சாமி பீடத்திலிருந்து ஒரு படி இறங்கி வந்தார். பிறகு, "எல்லாரும் காதில இருக்கத எடுங்க. கர்த்தர் கற்பித்த செபத்த அவரவர் பாஷையில சத்தமாச் சொல்லுங்க" என்றார். இரைச்சல்தான் வரும் என்று நினைத்தேன், இரைச்சல்தான் வந்தது. தமிழர்கள் நாம் வழக்கம்போல முதலில் முடித்தோம். நான் மைக்கில் ஆமெனுக்கு வாயைத் திறந்தேன். உங்கள் அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பி, கோயில் முழுக்கக் கேட்க, "பொறுலே! அவங்க இன்னும் செபத்துல அப்பமே கேட்டு முடிக்கல" என்றாள்.

பொறுத்தோம். கடைசி வரிசையில் ஒடிசா வெல்டர்கள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை, ஆனால் கோயில் முழுதும் அவர்களுக்காக வாய்மூடி நின்றது. அவர்கள் முடித்ததும் ஒரே ஆமென். எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது மாமா. ஆனால் ஆவியானவர் வந்த அன்று எல்லாரையும் ஒரே பாஷை பேசவைக்கவில்லை, அவரவர் பாஷையில்தானே கேட்கவைத்தார்? அவருக்கே ஆட்சேபணை இல்லாத விஷயத்தில் மணப்பாட்டுக்கு என்ன ஆட்சேபணை?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அனிமா வாக்குறுதியை ஒடியாவில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன், இயர்போன் கிடையாது. தாய்மாமன் வந்தாலும் வராவிட்டாலும் பூசை குறித்த நேரத்தில் தொடங்கும். நான் யாருக்காகவும் காத்திருக்கிறவன் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். மாதா உங்கள் முழங்கால் வலியையும் பிடிவாதத்தையும் சேர்த்தே குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
மருமகன் ஷாம்

பின்குறிப்பு: இதை வாசித்துக் காட்டியதும் அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அனிமாவோ, "மாமா வராம நான் கோயில் படி ஏற மாட்டேன்" என்று தமிழிலேயே சொல்கிறாள். ஆகவே பூசை நேரத்துக்குத் தொடங்காது. சாமியிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வரும்வரை வாசலில்தான் நிற்போம். திட்டிக்கொண்டேயாவது வாருங்கள் மாமா.