கடிகாரம் சரியாக ஓடியதால் நேர்ந்த தாமதம்

திருமுல்கேரி,
செகந்திராபாத்.
புதன்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சந்திரசேகரன் அவர்கள் சமூகத்துக்கு, ஜகதீசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நாங்கள் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, பிறகு விசாரிக்கிறேன். 'அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் முதலில் தொடங்கினேன். போன வெள்ளிக்கிழமை காலைவரை சம்பந்தியாக இருந்து, ராகுகாலம் பிறந்ததும் வேறு என்னவோ ஆகிவிட்ட ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸப்பில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் விழவில்லை. ஆகவே ஸ்பீட் போஸ்ட். இதில் கோடு எதுவும் விழாது. படித்தீர்களா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற நிம்மதியாவது எனக்கு மிஞ்சும்.

உங்கள் குமாரன் சிரஞ்சீவி ஹர்ஷாவுக்கும் என் பெண் மாதங்கிக்கும் நிச்சயதார்த்தம் செய்வதற்காக, சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பிரயாணம் செய்து தாங்கள் குடும்பத்துடன் வந்தீர்கள். ஸ்டேஷனில் வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. இது மகா தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, "டயம்னா என்னன்னே தெரியாத குடும்பம்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன் நான். வராத சாமான் வருகிற தேதிக்கு, இல்லாத மெஷின் ஓடுகிற நேரத்தைக் குறித்துக் கொடுத்தவன். எங்களுக்கு நேரம் தெரியாது என்பதல்ல, கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அதுதான் வியாதி.

எங்கள் ஹால் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும். அது கோளாறு அல்ல, ஏற்பாடு. பஸ்ஸும் ரயிலும் ஆபீஸ் கேட்டும் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், கல்யாணமான புதிதில் நானே திருகி வைத்தது. சமையலறைக் கடிகாரம் என் சம்சாரம் பட்டுவின் இலாகா. அரை மணி முன்னால். என்னுடைய இருபது நிமிடத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இதனால் யாரும் ஏமாறுவதில்லை. ஹாலில் பார்த்தால் இருபதைக் கழி, சமையலறையில் பார்த்தால் முப்பதைக் கழி. மாதங்கி அம்மா அப்பா சொல்லக் கற்றுக்கொண்ட கையோடு கற்றது இந்தக் கழித்தலைத்தான். 'கழிக்கத்தான் போறேள், அப்புறம் எதுக்கு வேகமா வெக்கணும்?' என்று தாங்கள் கேட்கலாம். கேட்கக் கூடாது. இத்தனை வருடத்தில் இந்தக் குடும்பம் ஒரு ரயிலைக்கூடத் தவறவிட்டதில்லை.

இப்படிச் சிவனே என்று போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில், மாதங்கியின் ஆபீஸில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். பெயர் 'நவ் ஒன்லி'. நேற்றை நினைக்காதே, நாளையை நினைக்காதே, இந்த நொடியில் வாழ் என்பது உபதேசம். கட்டணத்தை மட்டும் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். நடத்துவது சாஹித்யா என்று ஒரு பெண். இன்னும் முப்பது ஆகவில்லை, அதற்குள் காலத்தைக் கடந்துவிட்டாள். இரண்டு வகுப்பு முடிந்ததும் மாதங்கி என்னையும் பட்டுவையும் சோபாவில் உட்காரவைத்து, "அப்பா, நம்ம ஆத்துல யாருமே ப்ரெசென்ட்ல இல்லை. ஒவ்வொரு ரூமும் ஒரு ஃப்யூச்சர்ல இருக்கு" என்றாள். மறுக்க முடியவில்லை. தட்டில் இட்லி இருக்கும்போதே ராத்திரிக்கு என்ன பண்றது என்று கேட்பவள் பட்டு. நான் வேலையில் இருந்தவரை பென்ஷனை நினைத்தேன். பென்ஷன் வந்தபிறகு வேலையை நினைக்கிறேன். நடுவில், பிரிவுபசார விழா அன்று மட்டும் ஒரு நாள் முழு மனதோடு நிகழ்காலத்தில் இருந்தேன். அன்று எனக்கு வயிற்றுப்போக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் மாதங்கி இரண்டு காரியம் செய்தாள். ஒன்று எங்களுக்குத் தெரிந்து. நாளைக்கு எல்லோரும் முழு மனசோடு இருக்க வேண்டும் என்று, மூன்று பேர் போனையும் வாங்கி சத்தத்தை அணைத்து, எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, பரண்மேல் ஏற்றிவிட்டாள். மறுநாள் நிச்சயதார்த்தம் ஆகப்போகிற பெண் கேட்கும்போது மாட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? போன் இல்லாத காலத்திலேயே எத்தனை பேரை ஸ்டேஷனில் வரவேற்றவன் நான் என்ற திமிரும் இருந்தது. இரண்டாவது காரியம் எங்களுக்குத் தெரியாது. 'வீட்டுக்கு உண்மையான நல்லது ஒன்று செய், செய்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே' என்று சாஹித்யா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். குழந்தை சமர்த்தாக ஸ்டூல் போட்டு ஏறி, ஹால் கடிகாரத்தையும் சமையலறைக் கடிகாரத்தையும் சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டு, சமர்த்தாக யாரிடமும் சொல்லாமல் தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் இர்பான் பாய் சொன்ன நேரத்துக்கு வாசலில் ஹாரன் அடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், இருபதைக் கழித்தேன். "கைக்கு இத்னா ஜல்தி, இர்பான் பாய்? ஏன் இவ்வளவு சீக்கிரம்? உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "டைம் ஹோகயா சாப்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அவருக்கே தன் போன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "ஆப் போல்ரே தோ டீக்கிச் ஹோயிங்கா", நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், என்று உட்கார்ந்துவிட்டார். அன்று காலை இந்த வீட்டில் சரியான நேரத்தில் இருந்த ஒரே மனிதரை நான் காபி கொடுத்துக் கெடுத்தேன்.

அவகாசம் இருக்கிறதே என்று, மாதங்கி சொன்ன பயிற்சிக்கும் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு உலர்திராட்சை. அதைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நாக்கில் வைத்து உருட்ட வேண்டும், அப்புறம் அணு அணுவாக மெல்ல வேண்டும். ஒரு திராட்சையை அத்தனை நேரம் தின்ன என் பெண் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டியிருக்கிறாள்! இர்பான் பாய்க்கும் ஒன்று கொடுத்தாள். அவர் கண்ணை மூடி மென்று முடித்து, "ஔர் ஏக் மிலேகா?" என்று இன்னொன்று கேட்டார். நீ ஏன் அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று பிற்பாடு கேட்டதற்கு, அன்றைக்கு முழுவதும் கடிகாரம் பார்ப்பதில்லை என்று விரதமாம். ஏகாதசியன்று சாதம் விடுகிற மாதிரி.

பிறகு ஸ்டேஷன். அங்கே என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, நான் சொன்னால்தான் உண்டு. பிளாஸ்கில் காபியோடு பிளாட்பாரத்தில் போய் நின்றேன். ஸ்டேஷன் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். பழக்க தோஷம், அதிலும் இருபதைக் கழித்தேன். இன்னும் நேரம் இருக்கிறதென்று நின்றேன். பிறகு வண்டி தாமதம் என்று முடிவு கட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் ரயில்வேயைப் பற்றி நாலு வார்த்தை ஏசினேன். தங்களுக்காகக் கொண்டுபோன காபியில் பாதியை நானே குடித்தேன். கடைசியில் ஒரு போர்ட்டரைக் கேட்டால், "ஓ காடி தோ கப்கா ஆகே கயி சாப்" என்கிறார். வந்து, காலியாகி, கழுவவே போய்விட்டதாம். அதிலும் அன்றைக்குப் பார்த்துப் பத்து நிமிடம் முன்னதாக வந்திருக்கிறது! என் ஆயுசில் முன்னதாக வந்த முதல் வண்டி. தாங்கள் ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். ஸ்டேஷனில் காத்திருப்பது மற்றவர்கள் செய்கிற வேலை என்று தங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நியாயம்தான். டாக்சி பிடித்து வீட்டுக்கே போய்விட்டீர்கள்.

வீட்டில் கதவைத் திறந்தது பட்டு. தலையில் ஈரத்துண்டு, கையில் துடைப்பம். அவள் முப்பதைக் கழிக்கிறவள் அல்லவா, அவளுக்கு இன்னும் ஏகப்பட்ட நேரம் இருந்தது. "எங்களை எதிர்பார்க்கவே இல்லை போலிருக்கே?" என்று கேட்டீர்கள். வேறு எந்தப் பெண்ணின் அம்மாவாக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பாள். இவள், "இப்போ எதிர்பார்க்கலை" என்றாள். அது வகுப்பின் பாதிப்பா, சுபாவமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் திரும்பி வந்து, சாட்சிக்கு ஹால் கடிகாரத்தைக் காட்டியபோதுதான் மாதங்கி மெல்ல, "அப்பா, அது கரெக்டா இருக்கு. நேத்தே சரி பண்ணிட்டேன். சர்ப்ரைஸ்" என்றாள்.

தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அப்போ சரியா ஓடற கடிகாரத்தைப் பார்த்துட்டா லேட்டா வந்தேள்?"

"ஆமாம். சரியா ஓடினதாலதான் லேட்டு."

"என்ன, கிண்டல் பண்றேளா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது கிண்டல் அல்ல. என் வாழ்நாளில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று. அதற்கு மேல் என்ன நடந்தது என்று தங்களுக்கே தெரியும். தட்டு மாற்ற நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்வரை. அந்த ஒரு மணி நேரத்தையும், நேரம் தவறாமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியே தீர்த்தோம். பாயில் தட்டு தயாராக இருந்தது, தேங்காய் இருந்தது, வாத்தியார் இருந்தார், பெண்ணும் பையனும் இருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் வந்தது. அதற்கு மட்டும் யாரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

கை நனைக்காமல் கிளம்பிவிட்டீர்கள். இலை போட்டது போட்டபடி இருந்தது. தங்கள் சம்சாரம் வசந்தகுமாரி மாமி மட்டும் போகிற போக்கில் இரண்டு பாதுஷாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாங்கள் ஷூ மாட்டி, லேஸ் கட்டி, நிமிர்ந்து "ஹர்ஷா!" என்று கூப்பிட்டபோது, அவன் ஹால் ஓரத்தில் மாதங்கிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு திராட்சையை மென்றுகொண்டிருந்தான். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதங்கி என்னவோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறாள். "கவலையா இல்லையாம்மா?" என்றால், "இந்த நிமிஷம் நன்னாதானே இருக்கேன்" என்கிறாள். எனக்குத்தான் அந்த நிமிஷம் கிடைக்க மாட்டேன் என்கிறது. ஒன்று, வெள்ளிக்கிழமை காலைக்குப் போய் அந்த ஹாரனுக்கு எழுந்து ஓடுகிறேன். இல்லை, அடுத்த வருடத்துக்குப் போய் பெண் கல்யாணமாகாமல் நிற்பதைப் பார்க்கிறேன். கார்த்திகை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அதற்குள் ஒரு நாள் சொல்லுங்கள். நாங்கள் அங்கே வந்து தட்டு மாற்றிக்கொள்கிறோம். இல்லை, இங்கேதான் வருவேன் என்றால், முதல் நாளே வந்து பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறேன். தாங்கள் இறங்கும்போது என் மேல் தடுக்கித்தான் விழ வேண்டும். தப்பு எங்களுடையது, அதிலும் என்னுடையது. என் பெண்ணைத் தண்டித்துவிடாதீர்கள்.

மாமிக்கு நமஸ்காரம். ஹர்ஷாவுக்கு அநேக ஆசீர்வாதம். சகல சௌபாக்கியங்களோடும், தகப்பனாரைவிடச் சற்றுக் கூடுதலான பொறுமையோடும் தீர்க்காயுசாக இருக்கட்டும். தங்கள் கோபத்துக்கும் என் ஆசீர்வாதம் உண்டு. அது அல்பாயுசாக இருக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஜகதீசன்.

பி.கு.: மாமாவுக்கு நமஸ்காரம், பட்டு எழுதறேன். ஒட்டித் தபால்ல போடுன்னு என்கிட்ட குடுத்தார். படிக்காம எப்படி ஒட்டறது? இதுக்கெல்லாம் நீங்க பதில் போடணும்னு அவசியமே இல்லை. அன்னிக்கு நீங்க திரும்பிப் போற வண்டி காஜிப்பேட்டை தாண்டறதுக்குள்ளயே வசந்தா மாமி கதவோரம் நின்னுண்டு எனக்குப் போன் பண்ணிட்டா. "இவா ரெண்டு பேரும் மெதுவா சண்டை போட்டு முடிக்கட்டும், நாம நாள் பார்த்துடலாம்"னா. தையில முகூர்த்தம் பார்த்தாச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. நிச்சயதார்த்தம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே வெச்சுண்டுடலாம்னு குழந்தைகள் சொல்லிட்டா. உங்ககிட்ட நல்ல சமயம் பார்த்து மாமி சொல்லறேன்னா. இன்னும் சொல்லலைன்னா, சொல்றச்சே புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்கோங்கோ. இவர்கிட்ட நான் இன்னும் சொல்லலை. சொன்னா, அவர் பேச்சுக்கு மரியாதை இல்லாம போயிடுத்தேன்னு அதுக்கு ஒரு லெட்டர் எழுதுவார்.

ஆனா மாமா, இவர் அஞ்சு நாளா இதை எழுதறார். கிழிச்சுக் கிழிச்சு எழுதறார். சாப்பிடறச்சே பாதியில எழுந்து போய் ஒரு வரி எழுதிட்டு வரார். போன் அடிச்சா குளிக்கற இடத்துலேர்ந்து ஓடி வரார், அது லோன் வேணுமான்னு கேக்கறவனா இருக்கு. "அவர் என்னை மன்னிப்பாரா பட்டு?"ன்னு கேக்கறார். கல்யாணத்துக்கு உங்க வார்த்தை வேண்டாம் மாமா, அது நடந்துடும். இவருக்குத்தான் வேணும். இந்தக் கடுதாசியை மடிச்சு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி, 'என்ன ஓய், சாப்டாச்சா?'ன்னு கேட்டுடுங்கோ.