வாசலுக்கு வந்த பற்கள்

ஒரு மண்டபம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, மயக்க ஊசி இல்லாமல், குறடு இல்லாமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், என் வாயில் இருந்த அத்தனை பல்லையும் என் கையாலேயே பிடுங்கி ஒரு மகானின் மடியில் வைத்தவன் நான். வைத்த கையோடு வீட்டுக்கு வந்து காப்பியும் குடித்தேன்.

சிரிக்காதீர்கள். என் மச்சான் சிரித்ததே போதும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. உலகத்தில் அவர் நம்பாத ஆள் ஒரே ஒருவன்தான், அது நான். காரணம் இல்லாமல் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நான் ரயில் நிலைய அறிவிப்பாளன். வராத ரயிலை எல்லாம் 'இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றேன். நாக்கு பெறவில்லை. எலியைப் பார்த்தால் பூனை அளவு இருந்தது என்பேன். "அளவெடுத்தது எலியையா அத்தான், பூனையையா?" என்று மச்சான் அங்கேயே மடக்குவார்.

அவருடைய சந்தேகத்தின் கூர்மையை நீங்கள் துணிக்கடையில் பார்க்க வேண்டும். ஒரு கைக்குட்டை வாங்கினாலும் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். "கடை லைட்டுல கந்தல்கூட பளபளன்னுதான் இருக்கும். வெயில்ல பாத்தாத்தான் நிஜக் கலரு" என்பார். அவரைப் பார்த்தாலே விற்பனையாளர்கள் தாங்களாகவே துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர்தான் முத்துப்பல் மகானிடம் போய் விழுந்தார்.

மகான் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் தகுதி. டயர் கிடங்காக இருந்த மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார். வாசலில் ஆள் உயரத்துக்கு 'முன்', 'பின்' என்று படங்கள். 'முன்' படத்தில் கறைப்பல்லும் அடர்ந்த மீசையும். 'பின்' படத்தில் முத்துப்பல், மீசையைக் காணோம், மூக்கும் வேறு. அருள் மூக்கு வரைக்கும் பரவியிருக்கிறது போலும்.

வரிசை தெருவைத் தாண்டிப் பெரிய சாலையைத் தொட்டது. வரிசையில் நிற்பவர்களுக்கு ஆசி பெற்ற பிரஷ் தனியாக விற்றார்கள். ஆசி பெறாத பிரஷ் பக்கத்துக் கடையில் அதே டப்பாவிலிருந்து வந்தது.

மகானின் சித்தாந்தம் எளிமையானது. பல்லில் கறை விழுவது காப்பியாலும் இல்லை, புகையிலையாலும் இல்லை. உறவுக்காரன் வயிற்றெரிச்சலால். ஒவ்வொரு பல்லும் ஓர் உறவு. முன்பல் அத்தை, அதற்குப் பக்கத்துப் பல் பெரியப்பா, சிங்கப்பல் நாத்தனார், கடைவாய்ப்பல் சம்பந்தி. எந்தப் பல் கறுத்திருக்கிறதோ அந்த உறவு உங்களைப் பார்த்துப் பொருமுகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் பல் வெளுக்க வந்தார்கள். மீதிப் பேர் யாரோடு சண்டை போடலாம் என்று தெரிந்துகொள்ள வந்தார்கள். இந்தப் பாதி மட்டும் ஏமாறாமல் திரும்பியது.

சிகிச்சை முடிந்தவர்கள் வாயில் ஊதாத் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்று நாள் வெயிலில் வாய் திறக்கக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது. அதன் பிறகும் கறை தெரிந்தால்? உறவுக்காரன் மறுபடி பொருமியிருக்கிறான். மறுபடி வா.

மச்சானுக்கு ஒரே மகள். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் கோளாறால் முன்பற்களில் பழுப்புத் திட்டு. வாய்க்குக் கையையே கதவாக வைத்திருந்தாள். யார் கண்ணிலும் படாமல் போனில் பேசுகிற வேலையாகத் தேடிப் போனவள். அவளைக் கொண்டுபோய் முன் கவுண்டரில் உட்கார வைத்துப் பதவி உயர்வு என்றார்கள்.

முதலில் அவள் பல் டாக்டரம்மாவிடம்தான் போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது உள்ளேயே ஊறின கறைம்மா. முதல்ல சுத்தம் பண்ணி, லேசா தேய்ச்சுப் பாப்போம். அப்புறம் ப்ளீச். அதுக்கும் போகாத இடத்துல பல் நிறத்துலயே மெல்லிசா ஒரு பூச்சு. பால் மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன். ஓரளவு குறையும்."

அந்த 'ஓரளவு'தான் அவருடைய தொழிலைக் கெடுத்தது. உண்மை சொல்கிறவரிடம் எவன் போவான்?

"மகான் முழுசா போகும்கறார். இவங்க படிச்சுட்டு ஓரளவுங்கறாங்க. எது கெட்டிக்காரத்தனம்?" என்றார் மச்சான்.

மகான் பெண்ணின் முன்பல்லைப் பார்த்தார். அத்தை பொருமுகிறாள் என்றார். அவளுக்கு இருக்கிற ஒரே அத்தை என் மனைவி. அன்றிலிருந்து மச்சான் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி, பரீட்சைக்குக் கண்விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்தவள். "நான் எதுக்குங்க பொருமணும்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குக்கூடச் சட்டென்று ஒரு பொய் கிடைக்கவில்லை.

இரண்டு முறை ஒளி அபிஷேகம் ஆயிற்று. மூன்றாவது முறைக்கு வைத்திருந்தது 'அமுதத் துளி'. கண்ணாடிக் குப்பியில் இருக்கும் திரவத்தைப் பல்லில் வைத்துத் தேய்ப்பார்கள், கறை வேரோடு போகும். மண்டபத்தில் அதற்கென்று போட்டிருந்த நாற்காலியைச் சுற்றித் தரையில் சின்னச் சின்னக் குழிகள். துளி சிந்திய இடம். பக்தர்கள் குனிந்து அருள் குழிகள் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் குனிந்தேன். எனக்கு அந்த நெடி தெரியும். ரயில் நிலையக் கழிப்பறையில் வாரா வாரம் ஊற்றுவார்கள்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"ஐயா, அது ஆசிட்டா இருந்தா பல்லோட மேல் பூச்சையே தின்னுடும். ஒரு நாள் வெள்ளையா தெரியும். அப்புறம் தண்ணி பட்டாலே உயிர் போகும், மஞ்சளும் முன்னைவிட அதிகமாத் தெரியும். நகம், முடி மாதிரி இல்ல இது. போன பூச்சு திரும்ப வராது."

அப்படியே மச்சானிடம் சொன்னேன். அவர் மகளிடமும், அதாவது என் மருமகளிடமும் சொன்னேன்.

"தரையே உருகிடுச்சா அத்தான்? ஆளுங்க யாரும் உருகலையா?" என்றார் மச்சான்.

"மாமா, போன வாரம்தான் உங்க வீட்டுப் பல்லி முதலை அளவு இருந்துச்சுன்னீங்க" என்றாள் மருமகள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

சரி, என் வாய்ச்சொல் செல்லாது. வாயையே கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம். போன வருஷம் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்தேன். பல்லோடு போனேன், பல் செட்டோடு திரும்பினேன். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் பிறந்தவை. காப்பி குடித்துக் குடித்து இரண்டையும் ஒரே பழுப்பாக்கி வைத்திருந்தேன். மனைவிக்கும் மகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மச்சானிடம், 'எனக்கு அத்தனையும் சொந்தப் பல், இரும்பு' என்று அளந்திருந்தேன். நான் சொன்னதில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

மூன்றாம் சிகிச்சை நாளில் மருமகளுக்கு முன்னால் நான் வரிசையில் நின்றேன். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடைசியில அத்தானுக்கும் புத்தி வந்துருச்சு" என்று முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டார்.

வாசலில் ஒரு சீடன், ஆறுதலாகப் பேசுவது போல விவரம் பிடுங்குகிறவன். "குடும்பத்துல யார்கூடவாவது மனஸ்தாபம் உண்டாய்யா?"

"ஒரு சித்தப்பா இருக்கார். பேச்சுவார்த்தை கிடையாது" என்றேன். என் அப்பா ஒற்றைப் பிள்ளை.

உள்ளே முதல் அறையில் அழுது வடிகிற ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் சுண்ணாம்புக்கே காமாலை வந்துவிடும். மகான் என் வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைப் பார்க்கவில்லை, என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

"மேல் வரிசையில ஒரு சித்தப்பா உக்காந்திருக்கார்."

"ரொம்ப நாளாவா சாமி?"

"நீ தாயார் வயித்துல இருக்கும்போதே விழுந்த கறை. இந்தப் பல்லு உன்கூடவே பொறந்து உனக்காக அழுதுக்கிட்டிருக்கு."

பட்டறையில் பிறந்த பல் யார் வயிற்றில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்க உருக்கமாக இருந்தது.

"இன்னிக்கு மேல் வரிசை மட்டும். கீழ் வரிசைக்கு அடுத்த முறை வா" என்றார். அருளைத் தவணையில் தருகிறவர்.

அடுத்த அறை முழுக்க வெள்ளை. வெள்ளைச் சுவர், நீலம் கலந்த வெள்ளை விளக்குகள். கழுத்திலிருந்து கீழ் உதடு வரை ஊதாத் துணியால் மூடினார்கள். மேல் பல்லின் மேல் ஒரு டார்ச்சைக் காட்டி மகான் முணுமுணுத்தார். கண்ணாடியை நீட்டினார். ஒப்புக்கொள்கிறேன், அசந்துவிட்டேன். பல்லா, குளியலறை டைலா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்த அறையின் நிலைப்படியிலேயே என்னை நிறுத்தி, வெள்ளை விளக்கு என் முகத்தில் விழ, ஜனத்துக்குக் காட்டினார். கைதட்டல். மகான் போய்த் தன் ஆசனத்தில் அமர்ந்தார்.

"அடுத்து அமுதத் துளி" என்றான் சீடன். மருமகள் எழுந்தாள். குப்பியின் மூடி திறந்தது.

"சாமி, ஒரு நிமிஷம். வேர்ல கறை போயிருச்சான்னு பாத்துக்கறேன்" என்றேன்.

மேல் வரிசையைப் பிடுங்கினேன். அவர் மடியில் வைத்தேன். கீழ் வரிசையைப் பிடுங்கினேன். அதையும் வைத்தேன்.

மண்டபத்தில் ஆயிரம் பேர் மயங்கி விழுந்தார்கள். சீடன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். குப்பி அப்படியே நின்றது. நான் மேற்கொண்டு பேச வாயெடுத்தேன், பல்லில்லாத வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. என்னால் பேச முடியாமல் போனது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

மகான் லேசுப்பட்டவரா? மேல் வரிசையைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா? உயிரில்லாத பல்லுக்கே அருள் எறங்கி வெள்ளையாயிருச்சு."

"ஆமா, ஆமா" என்றது ஜனம். ஒருவர் அழவே ஆரம்பித்துவிட்டார். பல்லும் போய், கதையும் கைமாறிப் போனது.

அப்போதுதான் மச்சான் முன்னால் வந்தார். முகத்தில் பக்தி மாறவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கும் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். மகான் கையிலிருந்த வரிசையையும் மடியில் கிடந்த வரிசையையும் எடுத்தார். எடுத்தவரின் கால்கள், ஆயுசு முழுக்கத் துணிக்கடையில் பழகிய கால்கள், நேராக வாசலுக்கு நடந்தன.

வெயிலில் நின்று திருப்பினார். மறுபடி திருப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சாமி, மேல் வரிசைக்குத்தானே அருள் குடுத்தீங்க?"

"ஆமாம்ப்பா."

"கீழ் வரிசையைத் தொடவே இல்லையே?"

"இல்லப்பா."

"ரெண்டும் ஒரே காப்பிக் கலரால்ல இருக்கு."

மகான் பதில் யோசிப்பதற்குள் மச்சான் விடுவிடுவென்று வெள்ளை அறைக்குள் போனார். உள்ளிருந்து குரல் வந்தது. "இங்க வந்தா ரெண்டும் பளபளன்னு இருக்கு. என் பழைய சட்டைகூடப் புதுசா இருக்கு. கடை லைட்டு சாமி இது."

மருமகள் அமுதத் துளி நாற்காலியின் பக்கத்தில் நின்றிருந்தாள். குனிந்து தரையின் குழிகளைப் பார்த்தாள். முதல்முறையாக வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"சாமி, அந்தத் துளியில ஒண்ணை முதல்ல உங்க பல்லுல வைங்க. அப்புறம் எனக்கு."

மகான் வாயை மூடிக்கொண்டார். இறுக்கமாக.

"ஒரே ஒரு துளி சாமி" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

மகான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வாய் திறக்கவில்லை. அருள்வாக்கு அன்றோடு நின்றது.

ஊதாத் துணிகள் அவிழ்ந்தன. ஜனம் வாசலுக்கு ஓடியது. வெயிலில் நின்று ஒருவர் வாய்க்குள் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். "என் பல்லு எப்படி இருக்கு?" "வந்த மாதிரியேதான் இருக்கு. என்னோடது?" தெரு முழுக்கத் திறந்த வாய்கள். போலீஸ் வந்தபோது யாராலும் வாயை மூடிப் பதில் சொல்ல முடியவில்லை. காவல் நிலையத்தில் மகான் வைத்த முதல் கோரிக்கை, தனக்குக் கடைவாயில் சொத்தை இருக்கிறது, நல்ல பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்பதுதான். எந்தச் சம்பந்தி பொருமினாரோ.

அன்று மாலையே மச்சான் அக்கா வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "அக்கா, காப்பி இருக்கா?" என்றார். என் மனைவி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அதோடு முடிந்தது.

மருமகள் டாக்டரம்மாவிடம் போய் வருகிறாள். திட்டு ஓரளவு குறைந்திருக்கிறது. ஓரளவு என்று சொன்னவர் ஓரளவு குறைத்திருக்கிறார். இப்படிச் சொன்னது போலவே நடப்பதில் ஒரு மகிமையும் இல்லை, அதனால்தான் அங்கே வரிசையும் இல்லை. அவள் கவுண்டரில் இரண்டு கையாலும் வேலை செய்கிறாள்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மண்டபம், கூட்டம், மயங்கி விழுந்த ஆயிரம் பேர், ஒரே இழுப்பில் அத்தனை பல். அவர்கள் சிரித்துவிட்டு மச்சானைப் பார்த்தார்கள். "இவர் சொல்றது நிஜமா சார்?"

மச்சான் காப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். நானும் அவர் முகத்தையே பார்த்தேன். சந்தேகப்படத் தெரிந்த மனுஷன். அவ்வளவு நாளும் ஆளை மாற்றிச் சந்தேகப்பட்டவர்.

"ஆயிரம் பேர் எல்லாம் இல்ல. யாரும் மயங்கியும் விழல. இந்த ஆள் எது சொன்னாலும் நம்பாதீங்க. யார் சொன்னாலும் நம்பாதீங்க, மொதல்ல வாசலுக்குத் தூக்கிட்டுப் போய் வெயில்ல பாருங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா பல்லைப் பிடுங்கினது நடந்துச்சுங்க. நானே வெயில்ல பாத்தேன்."