மெடல் ஏட்டும் எல்லைக் கல்லும்

ஓசூரில் காக்கிச் சட்டையைக் கண்டதும் ஜனங்கள் ஓடாமல் வரிசையில் நின்றார்கள் என்றால், அது மெடல் ஏட்டு ஒருவருக்காகத்தான். எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் எல்லை தாண்டிப் போய்ச் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். பட்டாளத்தை விட்டுப் போலீசுக்கு வந்தாரே தவிர, பட்டாளம் அவரை விடவில்லை.

பெங்களூர் பஸ்ஸுக்கு முட்டி மோதும் கூட்டத்தை "சாவ்தான்" என்று ஒரே அதட்டலில் விறைக்க வைப்பார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனை அடிக்க மாட்டார். மைதானத்தைச் சுற்றி ஓட விட்டுக் கூடவே தானும் ஓடுவார். நாலாவது சுற்றில் போதை இறங்கிவிடும். ஐந்தாவது சுற்றில் அவனே, "உள்ளயே தள்ளிருங்க சாமி" என்று கும்பிடுவான். பதக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும், "ரேஷன் கடையில குடுத்தாங்க" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஃபிட்டர் வேலைக்காக விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து இறங்கினேன். பத்து மணிக்கு இன்டர்வியூ. ஒரிஜினல் சர்டிபிகேட் இல்லாதவனைக் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். எல்லைச் செக்போஸ்ட் பக்கம் டீ குடிக்க நின்றேன். டம்ளரை வாங்கிய நேரத்தில் சர்டிபிகேட் பை போய்விட்டது. பையோடு ஓடுகிறவன் பின்னால் நான் ஓட, செக்போஸ்ட்டில் நின்றிருந்த ஏட்டும் என்னோடு ஓடி வந்தார்.

எல்லைக் கல்லைத் தாண்டியதும் திருடன் நின்றுவிட்டான். பத்தடி தள்ளி ஒரு ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கடலை தின்ன ஆரம்பித்தான். ஏட்டும் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

"என்னய்யா, நின்னுட்டீக?"

"அந்தப் பக்கம் கர்நாடகா, தம்பி. பர்மிசன் இல்லாம இந்த யூனிபாரம் தாண்டக் கூடாது."

"வேற நாட்டுக்குள்ளயே போயிட்டு வந்தவருன்னு டீக்கடையில சொன்னாங்களே!"

"அதுக்கு ஆர்டர் இருந்துச்சு. இதுக்கு இல்லியே."

எனக்கு அழுகை முட்டியது. அந்தப் பயலோ கடலைத் தோலை ஊதிவிட்டு, "பன்னி சார், பன்னி" என்றான்.

"ஒங்களப் போயி பன்னிங்கான்யா!"

"திட்டல தம்பி. கன்னடத்துல 'வாங்க'ன்னு மரியாதையாக் கூப்புடறான்" என்றவர் சற்று யோசித்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "கூப்புடறான் இல்ல? கூப்ட்டா போவாம இருக்கறது மொறையில்ல."

தொப்பி, பெல்ட், சட்டை மூன்றையும் கழற்றினார். மடித்து எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்தார். பேன்ட்டைப் பார்த்துக்கொண்டு, "இது லாரி டிரைவருங்ககூடப் போடறதுதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ஏட்டு இங்கயே டூட்டியில இருக்கறாரு. விருந்தாளி மட்டும் போயிட்டு வரேன். நீ இங்க சாவ்தான்ல நில்லு."

பனியனோடு அவர் நடந்தபோது தோளிலிருந்து முதுகுவரை ஒரு தழும்பு தெரிந்தது. பதக்கத்தின் கதையை நான் அப்போது முதுகில் படித்தேன்.

லத்தியோடு துரத்துகிற போலீசைத்தான் திருடனுக்குத் தெரியும். பனியனோடு, கும்பிட்டபடி, சிரித்துக்கொண்டே வருகிறவரை என்ன செய்வதென்று அவனுக்குப் புரியவில்லை. 'கூப்பிட்டீங்க, வந்துட்டேன்' என்று கன்னடத்தில் சொல்லி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஏட்டு. பிடித்த கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் இன்னொரு கையால் பையை நீட்டினான்.

இந்தச் சமயம் பார்த்துத்தானா இன்ஸ்பெக்டர் ஜீப் வர வேண்டும்?

"ஏட்டு எங்கய்யா?"

நான் விறைப்பாக நின்றபடி மடித்து வைத்த சட்டையைக் காட்டினேன். "இங்கனதான் டூட்டில இருக்காரு சார்."

டூட்டியில் சட்டையைக் கழற்றியதற்கு மறுநாளே ஏட்டுக்கு மெமோ வந்தது. அந்த மெமோவால் அவருடைய பதவி உயர்வு நின்றுபோனது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"வேலை பர்மனென்ட் ஆயிருச்சா?" என்றார்.

"ஆயிருச்சுய்யா."

"அப்பறம் என்ன? கெளம்பு, ஷிப்டுக்கு நேரமாவுது."

முப்பது வருஷம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட ஷிப்டுக்குத் தாமதமாகப் போனதில்லை. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் வாங்கிக் கொடுத்த வேலை அது.